முகம் வெட்டிய காசு

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து நலமில்லாமல் கிடப்பவள் நான்தான். அன்றைக்கு உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி போனில் வந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆசையாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மேலே குலதெய்வம். அதன் கீழே எங்கள் பெயர்கள், உன் பெயர், உன் படிப்பு, உன் கம்பெனி, பெண்ணின் பெயர், கரூரில் மண்டபத்தின் பெயர். எல்லாம் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஒரு ஓரத்தில் 'இணைச்சீர்' என்று போட்டு உன் பெரியப்பா மகளின் பெயர் இருந்தது. உன் அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. மறுபடி மேலிருந்து படித்தேன். போனைத் தள்ளித் தள்ளி, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. உங்கப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்னாச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார். போனை அவர் கையில் கொடுத்தேன்.

இணைச்சீர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். டெல்லியில் பிறந்து வளர்ந்தவன் நீ. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் அவனோடு பிறந்தவளுக்கும் மட்டும் செய்கிற சீர் அது. மடித்த கூறைச்சேலையின் ஒரு முனை உன்னிடம், மறுமுனை அவளிடம். இன்னொருத்தி உன் வாழ்க்கைக்குள் வருவதற்கு முன்னால், இவள் உன்னோடு பிறந்தவள், இனியும் உன் வீட்டுக்காரி என்று ஊர் பார்க்கச் சொல்வது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பெரியப்பா மகள், சித்தப்பா மகள் என்று தேடுவார்கள். உனக்கு இருக்கிறாள். உயிரோடு, பக்கத்திலேயே, மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில், கதவில் தன் சொந்தப் பெயரைப் பலகையாக மாட்டிக்கொண்டு இருக்கிறாள்.

அச்சுப்பிழையாக இருக்கும் என்று கரூர் பிரஸ்காரருக்குப் போன் போட்டேன். பாவம், அவர் பதறிப்போனார். "அய்யோ, எங்க தப்பு இல்லீங்க. மொதல்ல அக்கா பேரைப் போட்டுத்தானுங்க அனுப்பினோம். மாப்பிள்ளைதானுங்க அந்தப் பேரை எடுத்துப்போட்டு இந்தப் பேரைப் போடச் சொன்னாரு. நீங்க சரின்னு சொன்னா திங்கக்கிழமை மெசின்ல ஏத்தீருவோம்" என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னது உன்னைத்தான் என்று உறைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அக்கா மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்குப் போனாள். உன் முறை வந்தபோது உங்கப்பாவுக்கும் எனக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மேல் மோகம். கடைப் பலகையைக்கூட நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கலாம் என்று நினைக்காதே. என் கையெழுத்தை எந்த மெசினும் படிக்காது, உன் ஸ்கூல் டைரியில் நான் எழுதியதை உன் டீச்சராலேயே படிக்க முடிந்ததில்லை. உங்கப்பா கவரைக் கொடுத்துவிட்டு, படித்துக் காட்டாமல் உடனே மெட்ரோ ஏறிவிடுவார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன் ஆபீஸ் தமிழ்ப் பையன்களிடம் கொடுத்து, என் அம்மா என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று கேட்கும் தைரியம் உனக்கு இருந்தால் கேட்டுக்கொள். கவரை நான் ஒட்டவில்லை. படித்துக் காட்டப் போகிறவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் எந்த வேலை பார்த்து உங்களை வளர்த்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். அருங்காட்சியகத்தில், நாணயப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் சிறு அட்டைகளுக்கு விவரம் எழுதுவது. சனிக்கிழமை உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கூடவே கூட்டிப்போவேன். உனக்குப் பிடித்தது தங்கக் காசு. எனக்குப் பிடித்தது யாரும் நின்று பார்க்காத வெண்கலத் தட்டு. ரோமாபுரி ராஜ்ஜியத்தின் கிழக்கே, இன்றைய துருக்கி, சிரியா பக்கத்து ஊர்கள் தங்களுக்குத் தாங்களே அடித்துக்கொண்ட சில்லறைக் காசுகள் அவை. தங்கமும் பெரும்பாலும் வெள்ளியும் ராஜா கையில். சந்தையில் மீன் வாங்கவும் குளிக்கும் கூடத்தில் கொடுக்கவும் ஆகிற வெண்கலத்தை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று ஊர்களுக்கு விட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். தலைப்பக்கம் ராஜாவின் முகத்தைப் போட்டார்கள், போடாவிட்டால் தலை தங்காது. பூப்பக்கத்தைத் திருப்பினால் அது முழுக்க அவர்கள் ஊர். எங்கள் ஆறு, எங்கள் கோயில், எங்கள் தெய்வம், எங்கள் திராட்சைக் குலை. எழுத்துகூட ராஜாவின் லத்தீன் இல்லை, அவர்கள் பேசிய கிரேக்கம். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் நாங்கள்தான் முதல் ஊர், நீங்கள் இரண்டாவது என்று சண்டை வேறு, அதையும் காசிலேயே பொறித்துக்கொண்டார்கள். நம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஹோலிக்கு எந்த பிளாக் முதலில் தண்ணீர்த் தொட்டி வைப்பது என்று சண்டை வருமே, அதேதான்.

ஒரு மழை நாளில் உங்கள் இரண்டு பேரையும் அடக்க வழி தெரியாமல், சாக்லேட் சுற்றிவந்த ஈயத்தாளைக் கொடுத்து, நம் வீட்டுக்கு ஒரு காசு அடியுங்கள் பார்ப்போம் என்றேன். நீ இரண்டாம் வகுப்பு, அவள் ஏழாவது. தலைப்பக்கம் யார் என்று சண்டை வந்தது. நீ அப்பா என்றாய். அவள், "அப்பா இல்லடா. வீடு கவர்மெண்டோடது. நாளைக்கே காலி பண்ணுன்னா பண்ணணும். அதனால முன்னாடி கவர்மெண்ட். முன்னாடி யாரு இருந்தா என்ன, பின்னாடிதான் நாம" என்று சொல்லி ஒரு சிங்கத்தைக் கீறினாள். முப்பது வருஷம் அந்தத் தட்டுகளுக்கு அட்டை எழுதிய நான் அதைவிடத் தெளிவாக ஒரு வரி எழுதியதில்லை. பின்பக்கம் நம் வாசலில் இருந்த ஷஹ்தூத் என்கிற மல்பெரி மரத்தைப் போட்டாள், பழம் விழுந்து உன் சட்டையெல்லாம் கறையாகுமே, அந்த மரம். மரத்தடியில் சைக்கிளோடு ஒரு குட்டிப் பையன். "இது நீ" என்றாள். நீ தலைகால் தெரியாமல் குதித்தாய். அந்தக் காசில் அவள் தன்னை வரையவே இல்லை என்பதை இந்தப் புதன்கிழமைதான் நான் யோசித்தேன்.

அந்த வெண்கலத் தட்டில் ஒரு காசு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்கு 'தேய்ந்தது' என்று எழுதிவைத்தேன். பெரிய, கனமான காசு. இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். இடப்பக்கத்து முகம் அப்படியே இருந்தது, சுருட்டை முடி, கொழுத்த கழுத்து, எல்லாம். வலப்பக்கம் ஒன்றுமில்லை, வெறும் தட்டை. உங்கள் இருவருக்கும் விவரம் தெரிந்த பிறகு ஒருநாள், படம் எடுப்பதற்காக அதை வெளியே எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். தேயவில்லை. உளியால் வெட்டியிருந்தார்கள். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. முகம் இருந்த இடத்தில் மட்டும் வெட்டு. விளிம்பில் அந்த முகத்துக்குரிய பெயர் இருந்த இடத்தில் மட்டும் சுரண்டல். பக்கத்து முகத்தின் மூக்கு நுனியில்கூட உளி படவில்லை. அவ்வளவு கவனமாக, பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்காமல், ஒருத்தனை மட்டும் எடுத்திருந்தார்கள். கொண்டுபோன டிபனைத் திறக்கவே முடியவில்லை.

அந்த இரண்டு முகங்களும் அண்ணன் தம்பி. ராஜாக்களின் பெயர்கள் உனக்கு எதற்கு, உறவுமுறையே போதும். அப்பா பெரிய ராஜா. சாகும்போது இரண்டு மகன்களும் சேர்ந்து ஆளட்டும் என்று விட்டுப்போனார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சமாதானம் பேசலாம் வா, அம்மா முன்னால் பேசுவோம் என்று தம்பியை வரவழைத்து, அண்ணன் ஆள் வைத்துக் கொன்றான். தம்பி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டானாம், அவள் மடியிலேயே முடித்தார்களாம். தடுக்கப்போன அவள் கையிலும் வெட்டு. பெற்ற பிள்ளைக்காக அவள் அழக்கூடாது என்று வேறு ஆகிவிட்டது, அழுதால் மூத்தவனுக்குக் கோபம் வரும். பிறகு கல்வெட்டுகளில் தம்பியின் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். எங்கோ தூரத்தில், தலைநகரத்தையே பார்த்திராத ஒரு சின்ன ஊர், தன் சந்தையில் புழங்கிய சில்லறையை எடுத்துவைத்து, அதிலும் தம்பியின் முகத்தை வெட்டி, மறுபடி புழக்கத்தில் விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நீயும் அக்காவும் டிவி ரிமோட்டுக்காக ஒருவர் முடியை ஒருவர் பிடித்திருந்தீர்கள். வழக்கமாக இரண்டு பேருக்கும் முதுகில் வைப்பேன். அன்று அடிக்கக் கை வரவில்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். பிரஸ்காரர் போனை வைத்ததும் என் புத்தியில் முதலில் பட்டது சம்பந்தி வீடு. ஜவுளிக்காரர்கள், ஊரில் பெரிய கை, புருஷனைப் பிரிந்த அக்கா மேடையில் நிற்பதா என்று கேட்டிருப்பார்கள், பையன் வேறு வழியில்லாமல் தலையாட்டியிருப்பான் என்று நினைத்தேன். உன்மேல் இரக்கம்கூட வந்தது. இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, சண்டைக்கென்றே உன் மாமியாருக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "ஏனுங்க, எம் பொண்ணு மேடை ஏறுனா உங்களுக்கு என்னங்க கொறைஞ்சு போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "அதெப்படிங்க நாங்க அப்படிக் கேப்போம்? எங்கூட்லயே என்ர தங்கச்சி ஒருத்தி புருசன் வேண்டாம்னு வந்து இருக்கறாளுங்க. எந்த விசேசம்னாலும் அவ கைதானுங்க முன்னாடி. தம்பிதானுங்க சொன்னாரு, அக்கா கனடாவுல வேலையா இருக்கறாங்க, லீவு கெடைக்கலை, அதனால பெரியப்பா மக நிக்கறாங்கன்னு. நாங்களே அக்காளை நேர்ல பாக்க முடியலையேன்னு சங்கடப்பட்டுட்டு இருந்தமுங்க."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கனடா. முந்தின நாள்தான் அவளும் நானும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உன் கல்யாணப் பலகாரத்துக்கு வெல்லம் பார்த்தோம். "பையா, இது கரூர் வெல்லம் மாதிரி இல்லையே" என்று அவள் இந்தியில் கடைக்காரரைக் கலாய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டாய் நீ, விசா இல்லாமல். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். யாரும் நீட்டாத கைக்கு உன் அக்காவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய். உன் மாமியாரிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய். உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பயந்துட்டாரு போல இருக்குதுங்க" என்றார். உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசிய முதல் ஆள் அவர்தான். நான்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

அந்தப் பொய்யை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது. பிறகு தெரிந்தது, அது என் பொய். அக்கா திரும்பி வந்த முதல் வருஷம், பொங்கலுக்குக் கூடிய காலனிக்காரர்களிடம், மாப்பிள்ளை வெளிநாடு போயிருக்கிறார், அதனால் இங்கே இருக்கிறாள் என்று சிரித்த முகத்தோடு சொன்னவள் நான். பக்கத்தில் நீ பொங்கல் தின்றுகொண்டு நின்றாய். நான் மாப்பிள்ளையை அனுப்பினேன், நீ அக்காவை அனுப்பிவிட்டாய். அவள் அன்றைக்கே என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், "இனி அப்படிச் சொல்லாதீங்க. நான் தப்பு ஒண்ணும் பண்ணலை" என்றாள். நான் நிறுத்திவிட்டேன். உன்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சாயங்காலம் உனக்குப் போன் பண்ணினேன். நீ காரில் இருந்தாய். "அம்மா, ப்ளீஸ், ஸீன் கிரியேட் பண்ணாதீங்க. அவங்க ஒண்ணும் கேக்கலை, அச்சா? ஆனா கேப்பாங்க. அங்க எல்லாரும் அத்தனை சொந்தக்காரங்க, ஹஸ்பண்ட் எங்க, குழந்தை எங்கன்னு கேப்பாங்க. தீதிக்குத்தான் அன்கம்ஃபர்ட்டபிள். நான் அவளுக்காகத்தான் பண்ணினேன்" என்றாய். தீதிக்காக, உன் அக்காவுக்காக! அவளிடம் கேட்டாயா என்றேன். "கேட்டேன். ஷி இஸ் ஓகே. ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாய். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அந்த ஒரு மாசம் என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி, விரல் விட்டு நாளை எண்ணினேன். அந்த ஒரு மாசத்துக்குள்தான் நாங்கள் புடவை எடுத்தோம்.

கரோல் பாக் பட்டுக்கடைக்கு நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். இணைச்சீருக்கு நல்லதாக எடுக்க வேண்டும், மணப்பெண் புடவைக்கு அடுத்தபடி எல்லோரும் பார்ப்பது அதைத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை. கண்ணாடி முன் நிறுத்தி, தோளில் போட்டு, முந்தானையை நானே மடித்துவிட்டேன். கடைக்காரர் கல்யாணப் பெண்ணுக்கா என்று இந்தியில் கேட்டார். அவள்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள், "நஹீ பையா, தூல்ஹே கி பெஹன் கே லியே." மாப்பிள்ளையின் அக்காவுக்கு. சொன்னபோது அவளுக்கு எல்லாம் தெரியும். நீ சொல்லிவிட்டிருக்கிறாய். தெரிந்துகொண்டு, தான் கட்டப்போகாத புடவையை என் சந்தோஷத்துக்காகத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுத்தாள். கை நீளம் இன்னும் கொஞ்சம் வைக்கலாமா என்று தையல்காரரிடம் கேட்டாள்.

வியாழக்கிழமை அவள் ஆபீஸ் விட்டு வரும்வரை மோதி பாக்கில் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "ஒண்ணும் ஆகலைங்கம்மா. விடுங்க. அவனுக்கு நல்லபடியா முடியட்டும். நான் அன்னைக்கு ஆபீஸ்ல டூர் போட்டுக்கறேன்" என்றாள். அழவே இல்லை. டீ போட்டாள். உங்கப்பாவின் பி.பி. மாத்திரை பற்றிக் கேட்டாள். நான்தான் அழுதேன், அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பீரோவில் அந்தப் புடவை அட்டைப்பெட்டியோடு அப்படியே இருந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உனக்கு எதுவும் ஆடவில்லையா கண்ணு?

அம்மிணி, தம்பிக்குப் படித்துக் காட்டுகிற நீ இந்த இடத்தில் நிறுத்துவாய். இதையெல்லாம் எதற்கு எழுதினீர்கள் என்று எனக்குப் போன் பண்ண எழுந்திருப்பாய். உட்கார். படி. இதுவரை நீ அவனுக்காக எத்தனையோ மறைத்தாய், இதையாவது மறைக்காமல் படித்துக் காட்டு.

தம்பி, அந்தக் காசைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. காசில் இருக்கும் முகத்தை வெட்டுங்கள் என்று ராஜா ஊர் ஊராக ஆணை அனுப்பியதாக நான் எங்கும் படித்ததில்லை. பல ஊர்கள் வெட்டவே இல்லை. அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கும் காசுகள் இன்றைக்கும் முழுசாகக் கிடைக்கின்றன. அவற்றை வைத்திருந்த ஊர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இந்தச் சின்ன ஊர் தானாகப் பயந்தது. ராஜாவுக்கு இது பிடிக்கும் என்று தானாக முடிவு பண்ணியது. முன்பக்கம் யார் இருந்தாலும் பின்பக்கம் நாம் என்று ஆறும் கோயிலும் போட்டுக்கொண்டு ரோஷமாக இருந்த ஊர்தான், ஒரே பயத்தில் உளியை எடுத்தது. இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? இன்றைக்கு அந்தக் காசைக் கையில் எடுப்பவர்கள் யாருமே ராஜாவைப் பார்ப்பதில்லை. வெட்டிய இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இங்கே யார் இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். உன் கல்யாணத்திலும் அதையேதான் கேட்பார்கள்.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது, இவன் இப்படித்தான் என்று தண்ணீர் தெளித்து விட்டிருப்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே உன் நெற்றியில் துணி போட்டதையெல்லாம் நீ மறந்தவனும் இல்லை. நல்ல பிள்ளை ஒருவன், யாரும் கேட்காமலே, கத்தி ஏதும் காட்டாமலே, ஒரு மெசேஜில் இதைச் செய்ய முடியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். இனி இரண்டு வீட்டு ஆட்கள், நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லக் கற்றுக்கொள். என் அக்கா புருஷனைப் பிரிந்து வந்துவிட்டாள் என்பது அஞ்சு சொல். அந்த அஞ்சு சொல்லுக்குப் பயந்தால், நாளைக்கு உன் பெண்டாட்டியைப் பற்றி யாராவது புருவத்தை உயர்த்தினாலும் அவளையும் எடுத்துவிடுவாய். அந்தப் பெண்ணுக்காகவும்தான் சொல்கிறேன்.

உங்கப்பா வழக்கம்போல், "ஃபைல் மூவ் ஆயிடுச்சு, இனி நோட்டிங் எழுதி என்ன பிரயோஜனம், கல்யாணம் நடக்கட்டும்" என்றார். மந்திரிசபை அலுவலகத்தில் காலம் தள்ளியவர் இல்லையா. ஃபைல் இன்னும் மூவ் ஆகவில்லை என்று சொன்னேன். வெண்கலத்தில் வெட்டினதை ஒட்டவைக்க முடியாது. உன்னுடையது இன்னும் பிரஸ்காரரின் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வரை இருக்கும். பெரியப்பா மகளிடம் பேசிவிட்டேன். அவளுக்கும் நீ கனடாக் கதைதான் சொல்லியிருக்கிறாய். "சித்தி, சொந்த அக்கா இருக்கறப்ப எனக்கெதுக்குங்க அந்த எடம்" என்று அழுதுவிட்டாள்.

அந்த அண்ணன் தம்பியைப் பெற்றவளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவள் முகத்தை யாரும் வெட்டவில்லை. மூத்தவன் ஆண்ட காலமெல்லாம் ஊர் ஊராக அவள் முகத்தைப் போட்டுக் காசு அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதே தட்டில் அவளும் இருக்கிறாள். அலை அலையாகச் சீவிய முடி, எதுவுமே நடக்காதது போன்ற முகம். எத்தனையோ வருஷம் அவளுக்கு நான் அட்டை எழுதியிருக்கிறேன், தலைமுடி அலங்காரத்தைப் பற்றி. அவள் எப்படி அந்தக் காசில் உட்கார்ந்திருந்தாள் என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. உன் பத்திரிகையில் என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அக்காவின் பெயர் அதில் வராவிட்டால், என் பெயரையும் எடுத்துவிடச் சொல். கல்யாணத்தன்று மேடையில் எனக்கு நாற்காலி போடாதே. யாராவது கேட்டால் அம்மாவும் கனடாவில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்.

இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால், எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடமும் நீ போயிருக்க மாட்டாய். அவள் குரல் எந்தெந்த இடத்தில் நின்றது என்று கேட்டிருப்பாய். புடவை அவளுக்குப் பின்னால் பீரோவில் இருக்கிறது. இன்னும் எதற்குக் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அது உனக்குப் படிக்கவா வரும்? நிமிர்ந்து அவள் முகத்தைப் பார், கண்ணு.

அம்மா